பட்டறை இல்லாத வீட்டில் பழைய புல்லட்

சென்ற முறை நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, என் புல்லட் ஒரே உதையில் கிளம்பியதைப் பார்த்த இரண்டு நண்பர்கள் அருகில் வந்தார்கள். "சார், எங்கள் வீட்டிலும் அப்பா ஓட்டிய வண்டி ஒன்று மூலையில் நிற்கிறது. கார்புரேட்டர் போய்விட்டது என்கிறார்கள். நீங்கள் யாரிடம் காட்டினீர்கள்?" என்று கேட்டார்கள். பெரும்பாலான வேலையை நானே வீட்டில் செய்தேன் என்றதும் அவர்கள் நம்பவில்லை. கரமனையில் மூன்றாவது மாடியில், வாடகை வீட்டில் நான் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அருகில் நின்ற நம் இதழாசிரியர், "இதையே எழுதிக் கொடுங்களேன்" என்றார். அதனால் இந்தக் கட்டுரை.

நான் மெக்கானிக் அல்ல. அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். வண்டி என் தந்தையாருடையது. 1984-இல் நாகர்கோவிலில் வாங்கியது. வேலை மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்தபோது குடும்பம் பேருந்தில் வந்தது, அப்பா புல்லட்டில் வந்தார். இப்போது அவருக்கு 78 வயது. ஓட்ட முடியாது. மாலையில் பால்கனியில் உட்கார்ந்து, நான் தெருமுனை திரும்பும் சத்தத்தைக் கேட்டு, "அவன் வந்தாச்சு" என்று அம்மாவிடம் சொல்வது மட்டும் நிற்கவில்லை.

அந்த வண்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன் புகைப் பரிசோதனையில் தோற்றது. 2000 மார்ச் மாதத்துக்கு முன் தயாரான இருசக்கர வண்டிகளுக்கு, என்ஜின் சும்மா ஓடும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வண்டி 6-ஐத் தாண்டியது. இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒருவர் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார். மற்றவர், "இதை விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்" என்றார். அப்பாவிடம் இரண்டையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. பழைய புல்லட்டுகளில் பர்மிங்காம் ஊரின் ஆமல் கார்புரேட்டர் இருக்கும். பின்னாளைய வண்டிகளில் ஜப்பானிய மிகுனி வகையைச் சேர்ந்த மிக்கார்ப் இருக்கும். மைசூரில் தயாரான ஜாவா வைத்திருப்பவர்கள் ஜிக்கோவ் என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். பெயர்கள் வேறானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒடுங்கிய குழாய் வழியே வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே சிறு கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், ஊசித் துளை போன்ற ஜெட்டுகள் வழியே மேலேறி அந்தக் காற்றில் கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க மிதவை ஒன்று உண்டு. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு மாதிரியேதான்.

ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஸ்லைடு என்ற உருளை மேலே எழும்புகிறது. அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பாகம் பொறுப்பேற்கும். சும்மா ஓடும்போதும் எட்டில் ஒரு பங்கு திறப்பு வரையிலும் பைலட் ஜெட். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். கோளாறு எந்த வேகத்தில் வருகிறது என்று கவனித்தாலே எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் வண்டியின் தொல்லை சும்மா ஓடும்போதுதான் வந்தது. ஆகவே மெயின் ஜெட்டை மாற்றுவதில் பயனில்லை.

நான் செய்த தவறு

முதல் நாள் நான் செய்ததை யாரும் செய்யக் கூடாது. ஞாயிறு மாலை கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தில் பெட்ரோலுடன் அப்படியே மேலே கொண்டு வந்து, ஹாலில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன். பெட்ரோல் தாளில் ஊறி வழிந்தது. துடைத்துவிட்டேன், போதும் என்று நினைத்தேன். மணி ஆறரை. பூஜை அலமாரி அதே ஹாலின் மறுகோடியில். என் மகள் விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தாள்.

"மக்ளே, கொளுத்தாதே! பெட்ரோல் மணக்கு!" என்று அப்பா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குச்சி உரசப்படவில்லை. எங்கள் குலதெய்வம் காத்தது என்று அம்மா சொல்கிறார். அப்பாவின் மூக்கு காத்தது என்று நான் சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்க் கலைவதில்லை, தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி இருக்கும் விளக்கும், அடுப்பும், சுவிட்சின் சிறு பொறியும் அதற்குப் போதும். பட்டறை இல்லாதவர்களுக்கு இடக்குறைவு பெரிய பிரச்சினையே அல்ல, இதுதான் பிரச்சினை. ஆகவே அன்றைக்கே ஒரு விதி வைத்தேன்: பெட்ரோல் மாடிப்படி ஏறக் கூடாது.

கீழே பத்து நிமிடம், மேலே இரண்டு மணி நேரம்

வீட்டுக்கார சேச்சியிடம் பத்து நிமிடம் மட்டும் போர்ச்சைக் கேட்டேன். வண்டி நன்கு ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, பெட்ரோலை மூடி போட்ட தகர டப்பாவில் பிடித்தேன். பிறகு இரண்டு நட்டுகளைக் கழற்றி, கேபிளோடு ஸ்லைடை வெளியே எடுத்து பாலிதீன் உறையில் சுற்றிக் கட்டினேன். என்ஜின் வாயில் சுத்தமான துணியை அடைத்தேன். கழற்றிய கார்புரேட்டரை வெளியிலேயே ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, வாடை போன பிறகே மேலே கொண்டு போனேன்.

கார்புரேட்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் பொருள். அதற்கு ஜன்னல் ஓரமும், நல்ல வெளிச்சமும், விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளமும் போதும். தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்தால் விழுந்த திருகு உருண்டு ஓடாது. துளை இல்லாத பழைய இட்லித் தட்டு ஒன்றை மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கழற்றும் வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகம் வைத்தேன். மாட்டும்போது பின்னிருந்து முன்னாக எடுத்தால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

காற்றுத் திருகைக் கழற்றுமுன் ஒன்று செய்ய வேண்டும். அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தொடங்கும் இடம் அதுதான். அழுத்தித் திருகினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.

பித்தளைத் திருகுகளுக்கும் ஜெட்டுகளுக்கும் சரியான அகலமுள்ள திருப்புளி வேண்டும். சிறியதைப் போட்டு அழுத்தினால் தலை சிதைந்துவிடும். வர மறுக்கும் ஜெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். அதை ஆசானிடம் விட்டுவிடலாம்.

சுத்தம் செய்வது

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவது போல இதையும் துலக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஜெட்டுகள் பித்தளைதான், ஆனால் கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை. புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். ஆகவே உடலுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும். பிடிவாதமான பசைக்கு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே. அதுவும் தீப்பற்றும், எனவே மொட்டை மாடியில்.

ஜெட் துளையை ஊக்காலோ இரும்புக் கம்பியாலோ குத்தவே கூடாது. துளை சற்றுப் பெரிதானாலும் பெட்ரோல் கூடிவிடும். மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை அல்லது தூண்டில் நைலான் நூல் போதும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். உடலின் உள்வழிகளை ஊத சைக்கிள் பம்பு பயன்படும். நான் தெருமுனை டயர் கடையில் காற்று பிடித்தேன். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அழுக்கு கண்ணில் தெறிக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்?

மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை இருக்கிறது. பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது பற்ற வைக்க யாரிடமும் கொடுக்காதீர்கள், வெடிக்கும். மிதவை ஊசியின் கூம்பில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். இல்லையென்றால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும்.

என்ஜினோடு சேரும் முகத்தை இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், யாரோ நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கி அதை வளைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் காற்று புகும். தடித்த கண்ணாடி மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, முகத்தை எட்டு போலத் தேய்த்தால் சமமாகும். ஸ்லைடு அதன் குழாயில் கடகடவென்று ஆடினால் அது லேத் வேலை, வீட்டில் முடியாது.

அடுத்தது ரப்பர். 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது. மேலும் ஈரத்தை இழுக்கும். இடவப்பாதியும் துலாமழையும் பெய்யும் இந்த ஊரில், நிற்கும் வண்டியின் கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்து வெள்ளைப் பொடி பூத்துவிடுகிறது.

எங்கள் வண்டியின் நோயும் ரப்பரில்தான் இருந்தது. மிக்கார்ப்பில் சோக் நெம்புகோலைத் தூக்கினால் ஒரு சிறு பிஸ்டன் எழும்பி, கூடுதல் பெட்ரோலுக்கு வழிவிடும். இறக்கினால் அதன் அடியில் உள்ள ரப்பர் அந்த வழியை அடைக்க வேண்டும். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அந்த ரப்பர் கல்லாக இறுகி, வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதாவது, சோக் எந்நேரமும் கொஞ்சம் திறந்தே இருந்தது. காலையில் சோக் இல்லாமலே வண்டி கிளம்புகிறதே என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அதுவே நோயின் அறிகுறி என்று அப்போது தெரியவில்லை.

சாலையில் உதிரிபாகக் கடையில் அந்தப் பிஸ்டனும், ஒரு செட் கேஸ்கட்டும், ஓ ரிங்கும் கிடைத்தன. புதுக் கார்புரேட்டர் தேவைப்படவில்லை.

மாட்டி, சரி செய்வது

நட்டுகளை மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். டேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே உதைக்க வேண்டும். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஐடிலிங்கைச் சற்று உயர்த்தி வையுங்கள். காற்றுத் திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, என்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைக் காணுங்கள். பிறகு ஐடிலிங்கைக் குறையுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் நிலைக்கு வரும். இந்தத் திருகை வெளியே திருப்பினால் காற்று கூடும், உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும். சில கிலோமீட்டர் ஓடிய பின் பிளக்கைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறமானால் சரி.

கடைசியாக, கிள்ளிப்பாலம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய ஆசானிடம் காட்டினேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டு, காற்றுத் திருகை அரைக்கால் சுற்று திருப்பினார், அவ்வளவுதான். காசு வாங்கவில்லை. மறுநாள் பரிசோதனையில் 2.9 காட்டியது.

இனி மழைக்காலத்தில் வண்டி நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடி, கிண்ணம் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததிலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரே அநேகமாக இல்லை. இதைக் கேட்டே சரிசெய்யும் ஆசான்களும் குறைந்து வருகிறார்கள். நாம் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளாவிட்டால் நம் வீட்டு மூலையில் நிற்கும் வண்டிகள் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

பரிசோதனை முடிந்து வீடு திரும்பிய மாலை, நான் படியேறுமுன் அப்பா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பழைய சத்தம் வந்துட்டே" என்றார். பிறகு உள்ளே திரும்பி என் மகளிடம், "மக்ளே, இப்ப வெளக்கு கொளுத்தலாம்" என்றார்.