கலங்களைச் சூழ்ந்துள்ள நீர்

ஒற்றைக் கலத்தாலாய அமீபா குளத்துநீரில் வாழ்கின்றது. உணவையும் ஒட்சிசனையும் அந்நீரிலிருந்தே பெற்றுக் கழிவையும் அதனுள்ளேயே விடுகின்றது. நம் உடலிலுள்ள கோடானுகோடி கலங்களுக்கும் அத்தகைய நீர்நிலை ஒன்று வேண்டும். கலங்களைச் சூழ்ந்து நிற்கும் இழையப்பாய்பொருளே அந்நீர்நிலை. பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் குளோட் பேணாட் (1813–1878) கலங்களைச் சூழ்ந்த இந்நீரை உடலின் அகச்சூழல் எனக் கொண்டார்.

70 கிலோகிராம் நிறையுள்ள ஆடவனொருவனின் உடலில் ஏறத்தாழ 42 இலீற்றர் நீர் உண்டு. அதில் 28 இலீற்றர் கலங்களுக்கு உள்ளேயும் 14 இலீற்றர் வெளியேயும் உள்ளன. வெளியேயுள்ளதில் குருதியின் திரவப் பகுதியாகக் குழாய்களுள் ஓடுவது ஏறத்தாழ 3 இலீற்றரே. எஞ்சியதிற் பெரும்பகுதி கலங்களின் இடைவெளிகளை நிரப்புகின்றது.

இவ்விரண்டையும் பிரிப்பது மயிர்த்துளைக்குழாயின் மெல்லிய சுவராகும். குருதியமுக்கம் நீரை வெளியே தள்ளுகின்றது. சுவரை எளிதிற் கடக்கவியலாத குருதிப் புரதங்களோ தம் பிரசாரண விசையால் நீரை உள்ளே பற்றி வைக்கின்றன. இவ்வுண்மையை ஆங்கில அறிஞர் ஏணெஸ்ற் ஸ்ராலிங் 1896 இல் விளக்கினார். மிகுதியாகக் கசிந்த நீரை நிணநீர்க்குழாய்கள் திரட்டிக் கழுத்தடியிலுள்ள நாளங்களின் வழியே மீண்டும் குருதியிற் சேர்க்கின்றன.

இச்சமநிலை குலைந்தால் யாது நேரும் என்பதை டெங்குக் காய்ச்சலிற் காணலாம். இலங்கையில் 2017 ஆம் ஆண்டில் மட்டும் 180,000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. நோய் கடுமையாகும்போது மயிர்த்துளைக்குழாய்களின் சுவர் இளக, குருதித் திரவம் புரதத்தோடு கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகின்றது. நீர் உடலைவிட்டு நீங்கவில்லை. எனினும் இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை. ஆதலின் குழாய்களுள் எஞ்சிய குருதி செறிவடைகின்றது. கசிவு மிகின் குருதியமுக்கமும் வீழ்கின்றது.

இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பிள்ளை குணமடைந்தான் எனப் பெற்றோர் ஆறுதலுறும் நேரமே ஆபத்தின் நேரமாகலாம். கடும் வயிற்றுநோ, ஓயாத வாந்தி, சிறுநீர்க் குறைவு, கைகால் குளிர்தல் என்பன தோன்றின் தாமதியாது வைத்தியசாலையை நாடல் வேண்டும். ஓரிரு நாட்களிற் கசிவு நின்று, வெளிப்பட்ட நீர் குருதிக்கு மீள்கின்றது. அவ்வேளை அளவிறந்து நாளவழி நீர் ஏற்றின் அது நுவரையீரலில் தேங்கி மூச்சைத் தடுக்கும். வைத்தியர் நீரை மணிக்கணக்கில் அளந்து கொடுப்பது இதுபற்றியே.

உடலில் நீர் இருந்தால் மட்டும் போதாது. உரிய இடத்தில் உரிய அளவில் இருத்தலே உயிருக்குக் காப்பாகும்.