அழகு ஆபரேஷனில் உயிர் போவது ஏன்?

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, பின்புறத்தில் ஏற்றும் அழகு ஆபரேஷன் அமெரிக்காவின் மியாமி நகரில் ரொம்பப் பிரபலம். தென் புளோரிடாவில் 2010 முதல் 2022 வரை 25 பேர் இதனால் பிணமானார்கள்.

காரணம் என்ன?

கொழுப்பு ஏற்றும் குழாய் தசைக்குள் இறங்கினால் பெரிய ரத்தக்குழாய் கிழியும். அதில் கொழுப்பு புகுந்து இருதயத்தையும் நுரையீரலையும் அடைத்துவிடும். அப்புறம் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

புது சட்டம்

2023-ல் புளோரிடா அரசு கிளினிக்குகளுக்குக் கடிவாளம் போட்டது. தோலுக்கும் தசைக்கும் நடுவில்தான் கொழுப்பை ஏற்றணும். குழாய் போகும் வழியை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனில் பார்த்தபடியே செய்யணும். உதவியாளரிடம் வேலையை ஒப்படைக்கக் கூடாது. முந்தின நாளே டாக்டர் நேரில் பரிசோதிக்கணும்.

ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "ஸ்கேன் பார்த்துச் செய்வீர்களா, டாக்டர்?" இல்லை என்றால் எழுந்து வந்துவிடுவதே நல்லது.