ஒரே பெயர், வேறு வேறு வாட்

ஒரு லட்ச ரூபாய்க்குள் கேமிங் லேப்டாப் வாங்க விரும்புகிறவர், கடைக்குச் சென்றாலும் இணைய விற்பனைத் தளத்தைத் திறந்தாலும், முதலில் தேடுவது கிராபிக்ஸ் சிப்பின் பெயரைத்தான். ஆர்டிஎக்ஸ் 4050, 4060, 5050 என்று விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் பெயரில் எண் கூடக்கூட வேகமும் கூடும் என்ற நம்பிக்கை வாங்குவோரிடையே வேரூன்றியிருக்கிறது. மேசைக்கணினியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் பெரிய பிழையில்லை. லேப்டாப்பிலோ, ஒரே பெயர் தாங்கிய சிப்புக்கு இரண்டு தயாரிப்பாளர்கள், சில சமயம் ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடல்கள், வெவ்வேறு அளவு மின்சாரத்தை அனுமதிக்கின்றன. கிடைக்கப்போகும் வேகத்தில் பெரும்பங்கை முடிவுசெய்வது அந்த அளவே. பணம் எண்ணிச் செலவிட வேண்டியவர் சிப்பின் பெயருக்கு முன்பாகவே படிக்க வேண்டியது அதற்குரிய வாட் கணக்கை என்பது இப்பகுதியின் வாதம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2016 வரை என்விடியா நிறுவனம் லேப்டாப் சிப்புகளின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்தைச் சேர்த்துவந்ததால், ஜிடிஎக்ஸ் 960எம் என்று கண்டவுடனேயே அது மேசைக்கணினியின் 960 அன்று, வலுக்குறைந்த வேறொன்று என்பது வாங்குபவருக்குப் புரிந்தது. அவ்வாண்டு வந்த 10 வரிசையில் லேப்டாப் சிப்புகள் மேசைக்கணினிச் சிப்புகளை உண்மையிலேயே நெருங்கிவிட்டபடியால் அந்த எழுத்து கைவிடப்பட்டது. 2017இல், மெல்லிய லேப்டாப்புகளுக்காகச் சிப்பைக் குறைந்த மின்சாரத்தில் ஓட்டும் வடிவமைப்பு 'மேக்ஸ்-கியூ' என்ற அடைமொழியோடு வந்தது. அடைமொழி இருந்தால் குறைந்த மின்சாரம், இல்லாவிட்டால் முழு மின்சாரம் என்ற ஓரளவு தெளிவான பிரிவினை சில ஆண்டுகள் நிலவியது. 2021இல் 30 வரிசை வந்தபோது சிப்பின் பெயரிலிருந்து அதுவும் நீங்கியது. தயாரிப்பாளர்கள் தங்கள் தளங்களில் வாட் அளவை வெளியிட வேண்டும் என்று அதன் பிறகு நிறுவனம் கேட்டுக்கொண்டபோதிலும், விற்பனைத் தளத்தின் பக்கத்திலோ பெட்டியின் மேலோ அந்த எண் இடம்பெறும் என்பதற்கு இன்றும் உறுதியில்லை. வாங்குபவருக்கு மிகவும் தேவைப்படும் தகவலே அவர் கண்ணில் படாத இடத்தில் இருப்பது நியாயமன்று.

அந்த எண்ணின் முழுப்பெயர் மொத்த கிராபிக்ஸ் மின்சாரம். சுருக்கமாக டிஜிபி என்பார்கள். கிராபிக்ஸ் சிப்பும் அதற்கே உரிய நினைவகமும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் விதிக்கும் எல்லை அது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060ஐ எடுத்துக்கொண்டால், என்விடியாவின் பட்டியலிலேயே இந்த எல்லை 35 முதல் 115 வாட் வரை என்றும், உச்சத் துடிப்பு வேகம் 1470 முதல் 2370 மெகாஹெர்ட்ஸ் வரை என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. மின்சாரத்தில் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. சிப் செலவிடும் மின்சாரம் அதன் துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து பெருகுவது. வேகத்தைக் கூட்டுவதற்கு அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், 40 வாட்டிலிருந்து 80 வாட்டுக்கு ஏறும்போது வேகம் வெகுவாக உயர, 100 வாட்டைத் தாண்டிய பிறகு கூடுதலாக ஊட்டப்படும் மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாகவே போய்விடுகிறது.

45 வாட் அனுமதிக்கப்பட்ட மெல்லிய 4060 லேப்டாப்பை, 100 வாட் அனுமதிக்கப்பட்ட 4050 லேப்டாப் வேகத்தில் முந்திவிடக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும். பெரிய எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர் சிறிய எண்ணின் வேகத்தைக்கூடப் பெறாமல் போகலாம். மறுபுறம், 140 வாட் என்று விளம்பரப்படுத்தப்படும் மாடலுக்காகப் பதினைந்தாயிரம் ரூபாய் அதிகம் கொடுப்பதிலும் பொருளில்லை. 115 வாட்டோடு, மையச் செயலி சும்மா இருக்கும் தருணங்களில் அதன் பங்கிலிருந்து கிராபிக்ஸ் சிப்புக்கு மாற்றிவிடப்படும் 25 வாட்டையும் கூட்டிச் சொல்லும் கணக்கு அது. அந்த மாற்றல் ஏற்பாட்டுக்கு டைனமிக் பூஸ்ட் என்று பெயர். நடுத்தர விலையில் தேட வேண்டியது 85 முதல் 115 வாட் வரையிலான மாடல்களையே. 2025இல் வந்த 50 வரிசையும் இதே வழக்கத்தைத்தான் தொடர்கிறது.

விவரப் பட்டியலில் வாட் அளவு இல்லையென்றால் அதை அறிய இரண்டு வழிகள் உள்ளன. கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, அதன் உதவிப் பட்டியலில் உள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷனைச் சொடுக்கினால், 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரியில் அந்த எண் நேராகவே நிற்கும். இதைச் செய்துகாட்டும்படி விற்பனையாளரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. அது இயலாதபோது அடாப்டரைத் திருப்பிப் பார்க்கலாம். 'அவுட்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும்: 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். 20 வோல்ட், 6.75 ஆம்பியர் என்றால் 135 வாட். மையச் செயலி, திரை, விசிறிகள் ஆகிய அனைத்தும் இந்த ஒரே ஊற்றிலிருந்தே மின்சாரம் பெற வேண்டியிருக்கையில், 135 வாட் அடாப்டரோடு வரும் லேப்டாப் தன் கிராபிக்ஸ் சிப்புக்கு 115 வாட்டைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. விளம்பரம் மறைப்பதை அடாப்டரின் ஒட்டுத்தாள் சொல்லிவிடுகிறது.

அனுமதிக்கப்பட்ட மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி வெளியேறியாக வேண்டும் என்பதால், வாட் அளவோடு சேர்த்து எடைபோட வேண்டியது குளிர்விப்பு அமைப்பு. சிப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச்செல்லும் செப்புக் குழாய்கள், அதைக் காற்றில் கலக்கும் தகடுகள், விசிறிகள் ஆகியவற்றால் சிப்பை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை பத்து டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடுதலாகச் சூடேறும். தாங்கக்கூடிய வெப்ப எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. குளிர்பதன அறையில் சோதித்து எழுதப்படும் மதிப்புரைகளின் எண்கள், மே மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ மின்விசிறி மட்டும் சுழலும் அறைக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதையும், பல தயாரிப்பாளர்கள் தங்கள் லேப்டாப்புகளை 35 டிகிரி வரையிலான சூழலுக்கே உரியவையாகக் குறிப்பிடுகிறார்கள் என்பதையும் தமிழ்நாட்டில் வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும். ஆகவே சற்றுத் தடித்த, பின்புறத்திலும் பக்கங்களிலும் அகலமான காற்றுத் துளைகள் கொண்ட, இரண்டரைக் கிலோ எடையுள்ள மாடல் அழகில் பின்தங்கினாலும் இந்த விலைக்குப் பொருத்தமானது.

வாட் அளவு எவ்வளவு இருந்தும் ஈடுசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு. அது கிராபிக்ஸ் சிப்புக்கே உரிய நினைவகத்தின் கொள்ளளவு, அதாவது விராம். விளையாட்டில் தெரியும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் தங்கும் இடம் இது. லேப்டாப்பில் இதைப் பின்னாளில் கூட்ட இயலாது. 4060இல் விநாடிக்கு 256 ஜிபி தரவு இந்த நினைவகத்திலிருந்து சிப்புக்குப் பாய்கிறது. இடம் போதாமல் கணினியின் பொது நினைவகத்தை நாட நேரும்போது, இடையிலுள்ள பாதை விநாடிக்குச் சுமார் 16 ஜிபியை மட்டுமே கடத்துகிறது. பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும் அந்தக் கணத்தில்தான் திரை திக்கித் திக்கி நகர்கிறது. 6 ஜிபி கொண்ட 4050ஐ வாங்குபவர் புதிய விளையாட்டுகளில் பட நுணுக்கத்தைக் குறைத்தே ஆட வேண்டியிருக்கும். 8 ஜிபியோடு வரும் 5050 அதே விலையில் கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

மையச் செயலிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். இந்த நிலை கிராபிக்ஸ் சிப்போடு இணைந்து இயங்க கோர் ஐ5, ரைசன் 5 வகைகளே போதும். மேலும், எண்ணில் நெருக்கமாகத் தோன்றும் ரைசன் 7 7735எச்எஸ், 7840எச்எஸ்ஸைவிட ஒரு தலைமுறை பழைய கட்டமைப்பு என்பதை அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் காட்டிக்கொடுக்கிறது. திரை விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படுவதாக இருந்தால் போதும், ஆனால் நிறத்திறன் 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்று குறிக்கப்பட்டிருந்தால் படங்கள் வெளிறித் தெரியும்.

செயலியில் மிச்சமாகும் தொகையை ராமுக்குத் திருப்பலாம். மலிவு மாடல்கள் பலவும் ஒற்றை ராம் துண்டோடு வருகின்றன; இரண்டு துண்டுகள் இருக்கும்போது தரவு இரு தடங்களில் ஓடுவதால் மையச் செயலிக்குக் கிடைக்கும் பாதை இரட்டிப்பாகி, விளையாட்டின் தடுமாற்றம் குறைகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியுள்ளன என்பது தெரியும். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் அதே அளவும் வேகமும் கொண்ட இன்னொரு துண்டைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம், ராம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மாடலாக இருந்தால் வாங்கும்போதே 16 ஜிபி கொண்டதை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.