உதட்டோரக் கொப்புளம்

காய்ச்சல் விட்டிருக்கும். உடம்பு தேறி வரும். அப்போது உதட்டோரம் சுருக்கென்று எரியும். மறுநாள் பார்த்தால் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாக நிற்கும். உங்களுக்கும் இது வந்திருக்கலாம்.

இதைக் காய்ச்சல் புண் என்பார்கள். சிலர் பல்லி எச்சம் பட்டுவிட்டது என்பார்கள். அக்கி என்று சொல்லிக் குயவரிடம் காவி எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் புண் தானாகவே ஆறிவிடும். பெயர் மட்டும் காவிக்குப் போய்விடும்!

இதற்குக் காரணம் ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் கிருமி. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. 50 வயதுக்கு உட்பட்ட 100 பேரில் சுமார் 64 பேரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. உலகம் முழுவதும் சுமார் 380 கோடிப் பேர்! பலருக்குப் புண்ணே வருவதில்லை.

எப்படி ஒட்டியது? பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஒட்டிவிடும். அம்மாவோ பாட்டியோ ஆசையாகக் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கலாம். பிறகு அது நரம்புக்குள் பதுங்கிக்கொள்ளும். ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும். காய்ச்சல், அலுப்பு, மனக்கவலை, மாதவிலக்கு, கடும் வெயில் வந்தால் தலைகாட்டும்.

மூணாறு, தேவிகுளம் குளிர்ந்த மலை ஆயிற்றே, அங்கே என்ன வெயில் என்று கேட்கலாம். உயரம் கூடக் கூட, வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கதிரும் கூடும். கொழுந்து கிள்ளும்போது முகத்தில் நிழல் விழும்படி துணி கட்டுங்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஏப்ரல் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

புண்ணின் வலியைவிட ஊர்ப்பேச்சின் வலி பெரிது. கஞ்சிக்கு மிளகாய் கடிக்க முடியாது. சிரித்தால் உதடு வெடிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "என்னடி, யாரிடம் வாங்கினாய்?" என்ற கேலியைப் பொறுக்க முடியுமா? முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கே போகாமல் இருக்கிற பெண்கள் உண்டு. ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் பக்கத்தில் இருப்பவர் விலகி உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்தால் இது ஒட்டாது. எச்சிலும் புண்ணும் பட்டால்தான் ஒட்டும். ஆகவே தண்ணீரை அண்ணாந்து குடியுங்கள். துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். புண் இருக்கும்போது பச்சைக் குழந்தையை முத்தமிடாதீர்கள். கிருமி குழந்தையின் மூளைவரை போகலாம். உயிருக்கே ஆபத்து. தாய்க்கு உதட்டில் புண் இருந்தாலும் பால் கொடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாயைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மார்பில் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.

புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். பார்வை கெடலாம்.

அசைக்ளோவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது. கிருமியை அடியோடு ஒழிக்காது. ஆனால் எரிச்சல் தொடங்கியதுமே டாக்டரைக் கேட்டுச் சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும். அடிக்கடி புண் வந்தாலும், இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டாலும், கண் சிவந்து வலித்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.