பிபி ஏறும் முன்பே ரத்தம் சொல்லும் சேதி

நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அக்காவுக்கு இது 12-ஆவது வாரம். பிபி நார்மல், எந்தத் தொந்தரவும் இல்ல. ஆனா ஸ்கேனோட சேர்த்து ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்கு ஒரு ரத்த டெஸ்ட்டும் எடுக்கச் சொல்றாங்க. நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்கு இது?" நியாயமான கேள்வி. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

ப்ரீஎக்ளாம்ப்சியான்னா என்ன? பெரும்பாலும் கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தாண்டும். கூடவே சிறுநீரில் புரதம் போகும், இல்லைன்னா கல்லீரல், சிறுநீரகம், மூளை மாதிரியான உறுப்புகள் பாதிக்கப்படும். முற்றினா வலிப்பு வரலாம். இதுக்கு முழுத் தீர்வு பிரசவம் மட்டும்தான். 28-ஆவது வாரத்தில் இது தீவிரமானா யோசிச்சுப் பாருங்க: அம்மாவைக் காப்பாத்த, குழந்தையைக் குறைமாசத்திலேயே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனா கதை பிபியில் தொடங்குறதில்ல, நஞ்சுக்கொடியில் தொடங்குது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் நல்லா விரிஞ்சு கொடுக்கணும். விரியலைன்னா நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பத்தாது. அப்போ ரெண்டு புரதங்களின் கணக்கு மாறும். பிஎல்ஜிஎஃப், ரத்தக்குழாய்களை ஆரோக்கியமா வச்சுக்கிற புரதம், அது குறையும். எஸ்ஃபிளிட்-1, அந்த பிஎல்ஜிஎஃப்பைப் பிடிச்சு முடக்குற புரதம், அது கூடும். 2003-இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு, கர்ப்பமான எலிகளுக்கு எஸ்ஃபிளிட்-1-ஐ ஏத்தினப்போ பிபி ஏறுச்சு, சிறுநீரில் புரதமும் போச்சு. கருமாஞ்சி, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சவர்!

இப்போ அக்காவோட டெஸ்ட்டுக்கு வருவோம். 11 முதல் 13 வாரத்துக்குள்ள பிஎல்ஜிஎஃப் அளவைப் பார்க்கிறாங்க. அதோட வயசு, எடை, முந்தைய பிரசவ விவரம், பிபி, கருப்பை ரத்தக்குழாயின் டாப்ளர் ஸ்கேன் எல்லாத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுறாங்க. ஞாபகம் வச்சுக்கோங்க, "ஹை ரிஸ்க்"னு வந்தா நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. வர்ற வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

தெரிஞ்சு என்ன பண்றது? இங்கதான் விஷயமே இருக்கு. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஹை ரிஸ்க் பெண்களுக்கு தினமும் ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தாங்க. 37 வாரத்துக்கு முன்னாடியே பிரசவத்தில் முடியுற ப்ரீஎக்ளாம்ப்சியா, சும்மா மாத்திரை சாப்பிட்டவங்களில் 4.3 சதவீதம். ஆஸ்பிரின் குழுவில் 1.6 சதவீதம்! 37 வாரத்துக்கு அப்புறம் வர்றதில் பெரிய வித்தியாசம் இல்ல. மாத்திரையை 16 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது. அதனாலதான் நல்லா இருக்கும்போதே இந்த டெஸ்ட். ஆனா டாக்டரைக் கேட்காம யாரும் ஆஸ்பிரின் போட்டுக்காதீங்க.

பின்னாடி, சந்தேகம் வரும்போது எடுக்கிற இன்னொரு டெஸ்ட்டும் இருக்கு: எஸ்ஃபிளிட்-1-க்கும் பிஎல்ஜிஎஃப்புக்கும் உள்ள விகிதம். அது 38 அல்லது அதுக்குக் கீழே இருந்தா, அடுத்த ஒரு வாரத்துக்குள்ள ப்ரீஎக்ளாம்ப்சியா வர வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு 2016-இல் வெளியான ஆய்வு காட்டுச்சு. வீணா அட்மிட் ஆகுறதைத் தவிர்க்கலாம்.

கடைசியா ஒண்ணு. டெஸ்ட் ரிசல்ட் எதுவா இருந்தாலும், விடாத தலைவலி, கண் மங்கல், வலது மேல் வயித்துவலி, திடீர்னு முகம் கை வீக்கம் இதெல்லாம் வந்தா, "காலையில பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க. பிரசவம் முடிஞ்ச பிறகும் ஆறு வாரம் வரைக்கும் இது வரலாம். அக்காகிட்ட சொல்லுங்க. மாமாகிட்டயும் சொல்லி வைங்க!