உஷார்! கடைக் கமெராவில் உள்ள சாட்சி அழிந்துகொண்டிருக்கிறது

தோட்டத்துப் பிள்ளையைப் பசறை டவுனில் வைத்துப் பொலிஸ் பிடித்துவிட்டதா? ஒருவர் பொலிஸுக்குப் போங்கள். இன்னொருவர் உடனே சம்பவம் நடந்த இடத்துக்கு எதிர்க்கடைக்கு ஓடுங்கள். அங்கே மேசைக்கடியில் இருக்கும் கமெராப் பெட்டிதான் உங்கள் சாட்சி. அதன் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய நாளின் மேல் புதிய நாள் பதிந்துவிடும். அடுத்த தவணைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

இது வீண் பயமல்ல. 2020 ஜூனில் தமிழ்நாட்டுச் சாத்தான்குளம் பொலிஸ் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் இருந்தபோதே இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதவான் கண்டது என்ன? நிலையக் கமெராவின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், காட்சிகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், பொலிஸ் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கக் கட்டளையிட்டது. அந்தக் கட்டளை நம் ஊர்க் கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே திகதியும் நேரமும் எழுதி, பதிவை அழிக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் கடிதம் கொடுங்கள். கமெராத் திரையின் கடிகாரத்தையும் உங்கள் போன் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். திரை இருபது நிமிடம் பிந்தி ஓடினால், பொலிஸ் புத்தகத்தில் எழுதிய நேரத்தோடு ஒப்பிடும்போது வழக்கே தடம் மாறிவிடும்.

2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது நினைவிருக்கும். அப்படி வட்ஸ்அப்பில் வரும் துண்டை நம்பி இருக்காதீர்கள். முன்னும் பின்னும் வெட்டாத முழுப் பதிவு வேண்டும். போனில் எடுத்திருந்தால் அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள். பொலிஸ்காரர் உடலில் கமெரா அணிந்திருந்தால் அதன் பதிவையும் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

இலங்கையின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டப்படி, வீடியோவைச் சாட்சியமாக்கும் தரப்பு விசாரணைக்கு 45 நாளுக்கு முன் மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்த 15 நாளுக்குள் அதைப் பார்வையிட அனுமதி கேட்கலாம். அந்த 15 நாளை விட்டுவிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் பதுளையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. கமெரா அவ்வளவு நாள்கூடக் காத்திருக்காது. இன்றே போய்க் கேளுங்கள்.