கீழ் விளிம்பை மறைக்காதீர்கள்

போர்ப் படம் வீட்டுக்கு ஆகாது என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. குருட்சேத்திரச் சண்டையைச் சுவரில் மாட்டினால் வீட்டுக்குள்ளும் சண்டை வரும் என்பார்கள். அப்படிச் சொல்பவர் வீட்டுக் கூடத்திலேயே கீதோபதேசம் தொங்கும். மயிலாப்பூரில் கண்ணாடி போட்டு விற்கும் சாமி படங்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் படமும் போர்க்களம்தான்: நடுவில் தேர், இரு புறமும் படைகள், வில்லைக் கீழே போட்டுவிட்ட அர்ச்சுனன். யாரும் முகம் சுளிப்பதில்லை. யார் யாரோடு எதற்காக மோதப்போகிறார்கள் என்பது பார்ப்பவருக்கு அத்துப்படி. படத்துக்கான விளக்கம் அவர் மனத்திலேயே இருக்கிறது. ஆக, உறுத்த வேண்டியது போர் அல்ல, கதை தொலைந்துபோன போர்ப் படம். ஆங்கிலேயர் காலத்துப் போர்ச் சித்திரங்களைக் கூடத்தில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

அப்படிப்பட்ட சித்திரம் ஒன்றின் கதை சென்னையிலேயே கிடைக்கிறது. தேனாம்பேட்டை செனடாஃப் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே, ஆங்கிலேயப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் பிரபுவின் நினைவு மண்டபம் ஒரு காலத்தில் அங்கே நின்றதால். 1792ல் அவரிடம் தோற்ற திப்பு சுல்தான் பாதி ராஜ்யத்தை விட்டுக்கொடுத்து, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தரவும் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக அவருடைய இரண்டு சிறு பிள்ளைகள் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 1794ல்தான் திரும்பினார்கள். 1792 பிப்ரவரி 26 அன்று பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்ட காட்சி, லண்டன் ஓவியர்களுக்கும் அச்சுப்பட வியாபாரிகளுக்கும் அள்ள அள்ளக் குறையாத சரக்கானது. கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும், தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்திலும் அதே காட்சிதான். பெற்ற தகப்பனைப் போல அவர் சிறுவர்களை வரவேற்கிறார். இடிந்த கோட்டையும் இல்லை, கடன் கணக்கும் இல்லை. குழந்தைகளை அடகு பிடித்த செயல் அன்பாக உருமாறிவிடுகிறது. படம் அழகாக இருப்பதும், அது சிலவற்றை மறைப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

மறைத்ததை மீட்கும் சாவி படத்தின் அடியிலேயே இருக்கிறது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அக்காலப் படங்களின் கீழ் விளிம்பில், பொதுவாக இடது ஓரத்தில் வரைந்தவர் பெயர், வலது ஓரத்தில் தகட்டில் செதுக்கியவர் பெயர், நடுவே தலைப்பு, அதோடு பதிப்பாளர் பெயரும் தேதியும் பொடி எழுத்தில் இருக்கும். பதிப்புரிமை வேண்டுமானால் உரிமையாளர் பெயரும் தேதியும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்று 1735ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. அந்தப் பொடி எழுத்து எவ்வளவு சொல்லும் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். 1791ல் சென்னை வந்த ராபர்ட் ஹோம், கார்ன்வாலிஸ் படையோடு போய்ப் பார்த்து வரைந்தவர். பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்ட அதே காட்சியை வரைந்த மேதர் பிரவுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஒன்று சாட்சியம், மற்றொன்று கற்பனை; இரண்டும் ஜெயித்தவர் பக்கத்துச் சரக்கு. பிரேம் போடும்போது படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை இந்த வரிகளை மறைத்துவிட்டால், வேறுபாடும் சேர்ந்தே மறைந்துவிடும்.

அடிமைக் காலத்துப் பெருமையை நாம் ஏன் சுமக்க வேண்டும், நம்மவர் படத்தை மாட்டினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மவர் படமும் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை திப்பு, அவர் தந்தை ஹைதர் அலி படைகளிடம் நொறுங்கியது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அதை வரையவைத்தார். பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்தபடி இருக்கிறார். திப்புவோ பூந்தோட்டத்தில் உலாவுகிறவரைப் போல ரோஜாவை முகர்கிறார். இதுவும் ஜெயித்தவர் சொன்ன கதைதான். அதே போரைக் காட்டும், பத்துத் தாள்களாலான சுமார் 32 அடி நீள ஓவியம் 2022ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. ஒன்றைத் தூக்கி எறிந்து மற்றொன்றைக் கொண்டாடுவதைவிட, பிணைக் காட்சி, பொள்ளிலூர்ப் போர் இரண்டின் பிரதிகளையும் அருகருகே மாட்டுவது மேல். பன்னிரண்டு வருட இடைவெளியில் கை மாறிய வெற்றியை ஒரே சுவரில் பார்க்கலாம்.

சுவருக்கு அழகாக ஒரு படம் வேண்டும், சரித்திரப் பாடம் எதற்கு என்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் கீழ் விளிம்பு லாபமே. அசல் செப்புத்தகட்டு அச்சில், தகடு அழுந்திய தடம் படத்தைச் சுற்றிப் பள்ளக் கோடாகத் தெரியும். இன்றைய ஆஃப்செட் பிரதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். விளிம்பை வெட்டிய அசலுக்கு விலையும் குறைவு. அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் ஈரம் ஏறிக் காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்பதால், கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி மவுண்ட் அட்டை வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த அட்டையில் வெட்டும் திறப்பை ஒரு அங்குலம் கீழே இறக்கச் சொன்னால் எழுத்தும் தெரியும், படமும் பிழைக்கும். பிரதியில் எழுத்தே இல்லையென்றால் அந்த விவரங்களைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிப் படத்தின் அடியில் ஒட்டிவிடலாம். வீட்டுக்கு வந்தவரின் பிள்ளை படத்தைக் காட்டி “இந்தப் பசங்க யாரு?” என்று கேட்டால், தேரில் இருப்பது யார் என்று சொல்வதைப் போலத் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.